தமிழ் எழுத்து உடைந்து வருகிறதா? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமாக உறவிலும் அக்கம்பக்கத்திலும் பலர் புதுக் கணினிக்கு மாறினார்கள். மாறிய வேகத்தில் என்னிடம் வந்த புகார் ஒரே மாதிரி இருந்தது: "படம் வந்துடுச்சு, பாட்டு வந்துடுச்சு, தமிழ்க் கோப்பு மட்டும் கெட்டுப்போச்சு."

பெரும்பாலும் அது கெட்டிருக்காது. கோப்புக்குள் எழுத்து எழுத்தாக எதுவும் கிடையாது. எண்கள்தான் வரிசையாக இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் ஒப்பந்தம். அந்த எண்ணைப் பார்த்து வடிவத்தை வரைவது எழுத்துரு. எண்ணை உள்ளே அனுப்புவது விசைப்பலகை. இந்த மூன்றில் எந்த இடத்தில் தடுக்கியது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்துருவிலோ விசைப்பலகையிலோ தடுக்கியிருந்தால் உங்கள் எழுத்து ஒன்றுகூடப் போகவில்லை. ஒப்பந்தம் பிசகிய நிலையிலேயே கோப்பைச் சேமித்துவிட்டிருந்தால்தான் ஆபத்து.

ஆகவே எந்த அறிகுறி ஆனாலும் முதல் காரியம் ஒன்றே: உடைந்து தெரியும் கோப்பில் 'சேவ்' கொடுக்காதீர்கள். மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்பை ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கேள்விக்குறி பற்றிய பகுதியில் புரியும்.

ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் வரிசைகட்டி வருகின்றன

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று சின்ன ஆங்கில எழுத்துகள் தெரிகின்றனவா? அது பாமினி. இலங்கையிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடையிலும், தமிழ்நாட்டு அச்சுக் கடைகளிலும் நெடுங்காலம் புழங்கிய எழுத்துரு முறை. ஆங்கில எழுத்துக்கான எண்ணையே வைத்துக்கொண்டு, வடிவத்தை மட்டும் தமிழாக வரைந்து காட்டும். எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ். இல்லாதபோது ஆங்கிலக் குப்பை. பழைய கணினியில் பாமினி இருந்தது, புதியதில் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்குப் பதிலாக முக்கால் பின்னக்குறி, தலையில் சாய்கோடு போட்ட ஏ, சென்ட் நாணயக்குறி, மேலே கோடிட்ட யூ என்று விசித்திரமான குறிகள் வந்தால், அது திஸ்கி என்ற இன்னொரு பழைய முறை. அதே 'தமிழ்' என்ற சொல்தான் அங்கே அந்த நான்கு குறிகளாகத் தெரிகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட டாப், டாம் என்ற இரண்டு முறைகளும் இப்படியே ஐரோப்பிய எழுத்துக் கலவையாகத் தெரியும். இவை போக ஸ்ரீலிபி, வானவில் என்று நிறுவனத்துக்கு ஒரு முறை வேறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியலான யூனிகோடை 2010-இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த பிறகும் இவற்றில் தட்டிய கோப்புகள் வீட்டுக்கு வீடு சிடியிலும் பென் டிரைவிலும் கிடக்கின்றன.

எது எந்த முறை என்று ஊகிக்கத் தேவையில்லை. கோப்பு வேர்டு கோப்பாக இருந்தால், உடைந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்துவிட்டு மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். மொத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், கீழே 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' பொத்தானை அழுத்துங்கள். ஆவணம் கேட்கும் எழுத்துரு எது, அதற்குப் பதிலாக வேர்டு எதைப் போட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். இந்தப் பொத்தான் இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கு இதுதான் பெரிய துணை.

பெயர் தெரிந்ததும் பழைய கணினிக்குப் போங்கள். விற்றுவிடாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும். அங்கே அந்த எழுத்துருவைப் பிரதி எடுத்துப் புதுக் கணினியில் வைத்து, அதன்மேல் வலது சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுத்தால் ஆவணம் அப்படியே உயிர்பெறும். அங்கே கிடைக்காவிட்டால், பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இன்னோர் இடத்திலும் தேடுங்கள். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் ஒரு பயனருக்கு மட்டும் என்று நிறுவிய எழுத்துருக்கள் அங்கேதான் போய் உட்காரும்.

எழுத்துரு வந்ததோடு நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கணினிக்கு மாறும்போது இதே கதை திரும்பும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளில் இணையம் இல்லாமலே மாற்றலாம். பொங்குதமிழ் போன்ற இணையப் பக்கங்களில் ஒட்டியும் மாற்றலாம். வீட்டுப் பத்திரம், உயில் போன்றவற்றை இணையத்தில் ஒட்டாமல் முதல் வழியிலேயே செய்யுங்கள்.

மாற்றும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஆவணத்தில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றும் மென்பொருள் அவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும். இதைத் தவிர்க்க வேர்டின் தேடல் பெட்டியில் 'மோர்', 'ஃபார்மட்', 'ஃபான்ட்' என்று போய்ப் பாமினியை மட்டும் தேர்ந்து, அந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். இரண்டு, கமா. பாமினியில் கமா விசைக்கு 'இ' என்ற எழுத்து. கமா வேண்டுமென்றால் வேறு விசை. அதனால் ஆங்கில எழுத்துருவில் தட்டிய ஆயிரம் ரூபாய் மாற்றியில் விழுந்து எழும்போது 1இ000 என்று வந்து நிற்கும். மாற்றி முடித்ததும் எண்ணுக்கு நடுவே 'இ' இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். செய்தித் தளங்களில்கூட இந்த 'இ' அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

மூன்றாவது, வேர்டே செய்த வேலை. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் வழக்கம். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. அதனால் 'தமிழ்' என்று தொடங்கிய வாக்கியம் 'துமிழ்' என்று மாறிவிடும். 'ம' என்று தொடங்கினால் 'மு' ஆகிவிடும். பழைய ஆவணங்களில் வாக்கியத் தொடக்கத்தில் மட்டும் விநோதமான உகரம் கண்டால் தட்டியவரைக் குறை சொல்லாதீர்கள். இன்னமும் பாமினியில் தட்டுபவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்' சென்று, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

மூன்று குறிக்கு ஒருமுறை ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக்குறி, அப்புறம் ஏதோ ஒன்று. மறுபடி அதே ஏ, அதே ஆர். இந்த அடுக்கைக் கண்டால் மகிழ்ச்சியடையுங்கள். இது யூனிகோடு, முழுசாகப் பத்திரமாக இருக்கிறது.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டது. அந்த எண்களைக் கோப்பில் எழுத இன்று உலகம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு, அதாவது மூன்று சிறு எண்கள். அந்த மூன்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். படிக்கும் மென்பொருள் இது யூடிஎஃப்-8 என்று அறியாமல், பைட்டுக்கு ஓர் எழுத்து என்று பழைய ஐரோப்பிய முறையில் வாசித்தால், அந்த முதல் இரண்டு பைட்டும் சாய்கோட்டு ஏ-வும் வட்ட ஆரும் ஆகிவிடும்.

இது அதிகம் நடப்பது எக்செலில். வங்கியிலிருந்தோ சங்கத்திலிருந்தோ வந்த சிஎஸ்வி கோப்பை, அதாவது கமாவால் பிரித்த பட்டியலை, இரட்டைச் சொடுக்கித் திறந்தால் இப்படி வரும். அதை மூடிவிட்டு, வெற்று எக்செல் பக்கத்தைத் திறந்து, டேட்டா தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' அழுத்திக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டப் பெட்டியில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 என்று தொடங்கும் யூடிஎஃப்-8 வரியைத் தேர்ந்தால் அந்த நொடியே தமிழ் வந்துவிடும்.

இணையப் பக்கம் இப்படித் தெரிந்தால் ஃபயர்ஃபாக்ஸில் திறந்து, ஆல்ட் விசையை அழுத்தி, வியூ பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுங்கள். விஎல்சியில் படத்தின் வசனவரி இப்படி வந்தால் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் பகுதியில் குறிமுறையை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். எழுத்துருவையும் அங்கேயே நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள்.

விண்டோஸின் மொழி அமைப்புக்குள், கணினி முழுவதையும் யூடிஎஃப்-8 ஆக்கும் 'பீட்டா' குறி ஒன்று உண்டு. அதைப் போட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சில கோப்பு சரியாகும்; ஆனால் யூனிகோடு அறியாத பழைய கணக்கு மென்பொருள் ஏதேனும் அதே கணினியில் இருந்தால் அது தடுமாறும். ஒரு கோப்புக்காக அதைத் தொட வேண்டாம்.

எல்லாம் கேள்விக்குறி

என் சித்தப்பா எங்கள் குலதெய்வக் கோயிலின் வரலாற்றை எழுதியிருந்தார். எந்த ஆண்டு யார் தேர் செய்து கொடுத்தது, வெள்ளத்தில் கரை உடைந்தபோது சிலையை எங்கே வைத்துக் காத்தார்கள், எந்தப் பாட்டி எந்தப் பாட்டைப் பாடினாள் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. அவரே உட்கார்ந்து தட்டினார். அவர் போன பிறகு பிள்ளைகள் கணினியை மாற்றினார்கள். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். அங்கே யாரோ நல்ல எண்ணத்தில் அதை எளிய உரைக் கோப்பாக மாற்றிச் சேமித்துக் கொடுத்துவிட்டார்கள். திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது, ஆண்டுகள் எண்ணாக நிற்கின்றன. எழுத்து ஒன்றுகூட இல்லை.

தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லாத பழைய 'ஆன்சி' முறையில் யூனிகோடு உரையைச் சேமித்தால் இதுதான் ஆகும். இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி எழுதப்படும். திரையில் மட்டும் என்றில்லை. கோப்பிலேயே கேள்விக்குறியின் எண்தான் இருக்கும். 'க'வும் கேள்விக்குறி, 'ங'வும் கேள்விக்குறி. எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது. திருப்பித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நோட்பேடு இதைச் செய்யும் முன் எச்சரிக்கும். யூனிகோடு எழுத்துகள் இழக்கப்படும் என்று ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ஓகே அழுத்திவிடுகிறோம். 2019-இல் வந்த விண்டோஸ் 10 மே புதுப்பிப்பிலிருந்து நோட்பேடின் இயல்பே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய கணினிகளில் ஆன்சிதான் இயல்பு. எக்செலிலும் 'சிஎஸ்வி, கமா டிலிமிட்டட்' என்று சேமித்தால் இதே இழப்பு. பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற தனி வரி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகிவிட்டது என்றால் முந்தைய பிரதியைத் தேடுவது ஒன்றே வழி. கோப்பு ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் அதன்மேல் வலது சொடுக்கி, ஒன்டிரைவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி', கூகுள் டிரைவில் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். பழைய வடிவம் கிடைக்கலாம். யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பிய அஞ்சல்களில் இணைப்பு அப்படியே இருக்கும். பழைய பென் டிரைவ், சிடி, வாட்ஸாப்பில் அனுப்பிய பிடிஎஃப், எல்லாவற்றையும் பாருங்கள். கடைசியாக, அச்சிட்ட தாள்.

சித்தப்பாவின் கோப்புக்குத் தாள்தான் கைகொடுத்தது. கோயில் பூசாரி வீட்டுப் பரணில் ஒரு பிரதி இருந்தது, ஓரத்தில் கரையான் அரித்து. ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, படத்தின்மேல் வலது சொடுக்கி 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' கொடுத்தேன். படத்துக்குக் கீழே உரையாக வந்தது. இணையத்தில் ஏற்ற விருப்பமில்லாதவர்கள் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைத் தமிழ்த் தரவோடு நிறுவிக்கொள்ளலாம்; பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வந்த உரையை வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ண, ன இரண்டும் இடம் மாறும். துணைக்காலும் 'ர'வும் குழம்பும். புள்ளி மறையும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் அதிகம் அடிபடும், ஏனென்றால் அவற்றை ஊகித்துத் திருத்திக்கொள்ள முடியாது. இருவர் உட்கார்ந்து ஒருவர் படிக்க ஒருவர் திருத்துவது நல்லது. நானும் சித்தியும் அப்படித்தான் செய்தோம்.

வெறும் கட்டம் கட்டமாக

எண் சரி, அந்த எண்ணுக்கு வடிவம் வைத்திருக்கும் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கணினியோடே வருவதால் இப்போது இது அபூர்வம். பழைய தொலைக்காட்சியில் பென் டிரைவ் செருகிப் பார்க்கும்போதும், மலிவான கார் ஒலிபெருக்கித் திரையிலும்தான் பெரும்பாலும் வருகிறது. அங்கே நாம் செய்ய ஏதுமில்லை. கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: கட்டம் இல்லை, எழுத்து சரிதான், ஆனால் பழைய ஆவணத்தின் பக்க அளவுகள் மாறி, 12 பக்கம் 14 ஆகிவிட்டது. ஆவணம் லதா எழுத்துருவில் இருந்திருக்கும். லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதல் கூடவே வருவதில்லை; தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டார்ட் தேடலில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தட்டித் திறந்து, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். பக்கங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கொம்பு தனியே நிற்கிறது, புள்ளிவட்டம் தெரிகிறது

'தொழில்' என்பது 'ெதாழில்' என்று வந்தால், எண்களின் வரிசை பிசகியிருக்கிறது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், மெய் அடுத்து. யூனிகோடில் உச்சரிப்பு வரிசை: மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைவது மென்பொருளின் பொறுப்பு.

எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய உரை இப்படி இருந்தால், தேடி மாற்றும் கட்டளையால் திருத்த முயலாதீர்கள். சரியாக இருக்கும் 'பெயர்' போன்ற சொற்களும் அதில் கலைந்துவிடும். மூலத்துக்குப் போய் வேறு மாற்றியால் மறுபடி மாற்றுங்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தது என்றால், பார்க்க அழகாக இருந்தாலும் உள்ளே எழுத்துக்கும் எண்ணுக்குமான பட்டியல் சரியாக இல்லாத பிடிஎஃப் அது. மேலே சொன்ன கூகுள் டாக்ஸ் வழியே சுருக்கம்.

உங்கள் உரை சரி, வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் உடைகிறது என்றால் அது வேறு கதை. கல்யாணப் பத்திரிகையிலும் ஃபிளெக்ஸிலும் நாம் பார்க்கும் உடைசல்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. வாட்ஸாப்பில் நீங்கள் அனுப்பும் யூனிகோடு உரையைக் கடைக்காரர் அப்படியே ஒட்டுகிறார். ஃபோட்டோஷாப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், டைப் சென்று 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சம் பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. இன்டிசைனில் பாராகிராஃப் பலகையின் பட்டியலில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்'. இதற்குமேல் பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளை வைத்திருக்கும் கடைகள் உண்டு. அதற்கு யூனிகோடு தெரியாது, பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்ட முடியும். மாற்றும்போது பெயர்கள் சிதையலாம். அச்சுக்குப் போகும் முன் படி வாங்கி, மணமக்கள் பெயரையும் பெரியவர்கள் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். திரையில் சரியாக இருக்கும் பிடிஎஃப் தாளில் மட்டும் உடைந்தால், அக்ரோபாட் ரீடரின் அச்சுப் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' போடுங்கள்.

தட்டினால் வேறு எழுத்து வருகிறது

விண்டோஸில் தமிழைச் சேர்த்ததும் வரும் விசைப்பலகை பலருக்குப் பழகியதாக இருக்காது. உங்கள் கணினியில் இப்போது எது ஓடுகிறது என்று அறிய ஆங்கில எச் விசையை அழுத்துங்கள். 'க' வந்தால் தமிழ்99. 'ப' வந்தால் இன்ஸ்கிரிப்ட். 'ஹ்' வந்தால் ஒலிபெயர்ப்பு, அதாவது ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டும் முறை. துணைக்கால் வந்தால் பாமினி அல்லது பழைய தட்டச்சுப்பொறி முறை.

மாற்ற வேண்டுமென்றால் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று, தமிழ் வரியின் மூன்று புள்ளியை அழுத்தி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்', 'ஆட் எ கீபோர்டு' கொடுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, 'அஞ்சல்' என்ற விசைப்பலகைகள் எல்லாம் விண்டோஸ் 11-இல் அங்கேயே இருக்கின்றன. வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்.

முதல்முறை கற்பவர்களுக்குத் தமிழ்99-ஐத்தான் பரிந்துரைப்பேன். ஆங்கில எழுத்தைக் கடந்து தமிழுக்குப் போகிற சுற்று அதில் இல்லை. 'அம்மா' என்று தட்டும்போது முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பத்து நாள் விரல் முரண்டுபிடிக்கும், பிறகு விடாது.

ஓர் எழுத்து இரண்டு மூன்றாக வந்தால், விண்டோஸின் தமிழ் விசைப்பலகையும் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்ற தட்டச்சு மென்பொருள் ஏதோ ஒன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றை நிறுத்துங்கள். சரியான கடவுச்சொல்லையே கணினி தவறு என்று சொன்னால் பதறாமல், பூட்டுத் திரையின் கீழே வலப்பக்கம் எந்த மொழி காட்டுகிறது என்று பாருங்கள். தமிழில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றித் தட்டுங்கள்.

கண்ணுக்குச் சரி, தேடினால் கிடைக்கவில்லை

இதுதான் கடைசி; கண்டுபிடிக்க மிகக் கடினமானதும் இதுவே. 'ஔவையார்' என்று தேடுகிறீர்கள். கோப்பில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறீர்கள், கணினி இல்லை என்கிறது. 'ஔ' என்பது ஓர் எழுத்து. அதை 'ஒ' தட்டி 'ள' தட்டி இரண்டாக எழுதியவர்கள் ஏராளம். 'கௌ' என்பதையும் 'கெ', 'ள' என்று சேர்த்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

கண்டறிய ஒரு வழி உண்டு. சந்தேகமான எழுத்தின் பின்னால் கர்சரை வைத்துப் பேக்ஸ்பேஸ் ஒருமுறை அழுத்துங்கள். 'ஔ' முழுதும் மறைந்தால் சரி. 'ஒ' மிஞ்சி நின்றால் இரண்டு எழுத்து. பேக்ஸ்பேஸ் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் அழிக்கும் என்பதால் இந்தச் சோதனை நம்பகமானது. அதே விசையால் 'கி'யின் இகரக் குறியை மட்டும் அழித்துக் 'க'வை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. டெலிட் விசையோ எழுத்தை முழுசாக எடுத்துவிடும்.

'ஸ்ரீ'க்கும் இரட்டை வாழ்வு உண்டு. ஸகரத்தில் தொடங்கும் ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஊர்ப் பெயரோ சாமி பெயரோ ஸ்ரீயில் தொடங்கினால் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

சித்தப்பாவின் கோப்பை முடித்த அன்று சித்தி தன் மாமியார் பெயரைத் தேடச் சொன்னார்கள். கௌரி. ஒரு முடிவும் வரவில்லை. 'கெ', 'ள', 'ரி' என்று பிரித்துத் தேடியதும் ஏழு இடத்தில் வந்தது. ஏழையும் திருத்தி வைத்தோம்.